ஆண்டறிக்கை: பானைகள் மண்ணுக்குள் போன வருடம்

அன்புள்ள வீட்டுத் தோட்டக் குழு உறுப்பினர்களுக்குச் செயலாளரின் வணக்கம்.

போன வருடக் கூட்டத்தில் நாம் எடுத்த பெரிய முடிவு ஒன்றுதான்: மழை நின்ற பிறகும் எந்த வீட்டுத் தோட்டமும் காயக்கூடாது. அதற்காகச் செடிகளுக்கு நடுவே தண்ணீர்ப் பானைகளைப் புதைத்தோம். அதனால் இந்த அறிக்கையில் பாதி பானைகளைப் பற்றியே இருக்கும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடலோர மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரையும் கத்தரியும் தளதளவென்று வரும். மாசி பிறந்துவிட்டால் போர்த் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். ஊற்ற ஊற்ற இலையின் ஓரம் கருகும். சென்ற கோடையில் பல வீடுகளில் முருங்கையும் கறிவேப்பிலையும் மட்டுமே மிஞ்சின.

இதற்காகத்தான் பானை வனையும் வேளார் அய்யாவிடம் போனோம். குறுகிய வாய் உள்ள பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீரை நிரப்பி, சுற்றி ஒரு சாண் தள்ளிக் கன்று நடுவது பழைய முறை. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே தண்ணீர் கசியும்; வேர் தேவைக்கு இழுத்துக்கொள்ளும். இதற்கென்று அய்யா களிமண்ணில் மணலைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தார். மணல் கூடினால் கசிவு கூடும் என்றார். கடற்கரை மண்ணைத் தொடவே மாட்டார், உப்பு பூத்துவிடும். அவருக்குக் கண்மாய் மண்தான்.

முதல் தடவை பிழை நடந்தது, அதற்கு நானே பொறுப்பு. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பானைகளுக்கு வெளியே பெயின்ட் அடிக்கச் சம்மதித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துச் சிரட்டை மூடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் ஊற்றின மட்டத்திலேயே நிற்கிறது. துளைகள் அடைபட்டுவிட்டன. கத்தரிக் கன்றுகள் தலை தொங்கிப் போயின. கன்றுகளை இழந்த வீடுகளிடம் இந்தக் கூட்டத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பானைகள் இப்போது வாசலில் காக்கைக்கும் அணிலுக்கும் தண்ணீர் வைக்க உதவுகின்றன.

பெயின்ட் இல்லாமல் மறுபடி புதைத்தோம். பங்குனி வெயிலில் என் வீட்டுப் பானையைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு மணல் கறுத்து ஈரமாக இருந்ததைப் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. வீட்டு நாய் மத்தியானமானால் அந்த ஈரத்தைப் பறித்து அதிலேயே வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்கிறது. கன்றைக் காப்பாற்ற முள் வேலி போட்டேன். நாய்க்கென்று செடி இல்லாத இடத்தில் தனியாக ஒரு பானை புதைத்துவிட்டேன். சரி, அதற்கும் வெயில்தானே. போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மட்டும் அவ்வப்போது பானையை வெளியே எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். உப்புப் படிந்தால் துளை அடைக்கும். கொசு முட்டையிடாமல் வாயை எப்போதும் மூடியே வையுங்கள்.

பிள்ளைகளைச் சூளைக்கு அழைத்துப் போனதும் இந்த வருடம்தான். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பற்றிச் சொன்னோம். கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், காற்றுப் படுகிற வெளிப்பக்கம் சிவக்கும் என்று கேட்டதும், பிள்ளைகள் வீட்டுச் சட்டிகளை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

சமையல் நாளை மீன்பிடித் தடைக் காலத்தில் வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும். அதனால் கருவாட்டுக் குழம்பு. தோட்டத்துக் கத்தரி, முருங்கைக்காய், நம் முண்டு மிளகாய் வத்தல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வத்தல் அது. நம் மண்ணின் காரம். புதுச் சட்டிகளை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சித்தண்ணீர் கொதிக்கவைத்துப் பழக்கியிருந்ததால் ஒன்றுகூட விரியவில்லை. கீழக்கரை அக்கா கொண்டுவந்த தொதல் இனிப்பு கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டு வந்தது. பூனைக்குக் கருவாட்டை அப்படியே போடாதீர்கள். அந்த உப்பு அதற்கு ஆகாது.

ஒரு வருத்தமும் உண்டு. தெருநாய் ஒன்று பையன் ஒருவனைக் கடித்துவிட்டது. அவன் அம்மா உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். முதல் நாள் போட்ட பிறகு 3, 7, 28-ஆம் நாள் ஊசிகளையும் தவறாமல் போட்டார்கள். பையன் நலம். அதன்பின் கால்நடை மருத்துவரை அழைத்து, வீட்டு நாய்களுக்கும் தெருவில் பிடிக்க முடிந்தவற்றுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டோம். வருடா வருடம் போட வேண்டிய ஊசி. குட்டி வளர்ப்பவர்கள் மூன்று மாதம் ஆனதும் போட்டுவிடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். அப்புறம், தை மாதச் சூளையில் நம் பானைகளையும் அடுக்க வேளார் அய்யா இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை வேண்டும் என்று மார்கழிக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள்.