உன் ஹாப்ஸை எடுத்துவிட்டேன்

அன்புள்ள மூர்த்தி,

ஆறு மாதமாகப் பதில் போடாதவனை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள், திட்டி முடித்ததும் மேலே படி. இங்கே எல்லாரும் நலம். உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததைக் குண்டன் சொன்னான், சந்தோஷம். இனி வாக்குமூலம்: நீ என் அலமாரியில் மறந்துவிட்டுப் போன ஹாப்ஸ் பொட்டலத்தை, பீருக்குப் போடுகிற அந்தக் கசப்புப் பூவைக், கேட்காமல் எடுத்து அண்டாவில் கொட்டிவிட்டேன். மொத்தம் 200 கிராம். மூன்று வருஷத்தில் அது பழைய காலுறை வாசனைக்கு வந்திருந்தது. அதுதான் வேண்டியிருந்தது.

ஆமாம், போட்டாயிற்று. பத்து வருஷமாக வாயால் மட்டுமே காய்ச்சிக்கொண்டிருந்தோமே, அந்தப் புளிப்பு பீரை டிசம்பர் கடைசியில் கொல்லையில் வைத்துக் காய்ச்சினோம். ஈஸ்ட் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே ஸென் ஆற்றுப் பக்கம் லாம்பிக் என்கிற புளிப்பு பீரைக் காய்ச்சுகிறவர்கள் செய்வதுபோல, இரவெல்லாம் திறந்து வைத்துக் காற்றில் வருவதை வரவிட்டோம். "அந்தக் காற்று அங்கேதான் இருக்கும்" என்று வாத்தியார் ஆரம்பித்தார். நீ இருந்திருந்தால் அதற்கே விடிந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறரைக் கிலோ பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்தது, மூன்றரைக் கிலோ முளைகட்டாத கோதுமை. ஊறும்போதே கொஞ்சம் கலங்கல் தண்ணீரை எடுத்துத் தனியாகச் சூடாக்கித் திரும்ப ஊற்றினோம். அதில் சர்க்கரையாக மாறாமல் நிற்கும் மாவுச்சத்துதான் பின்னால் வருகிற காட்டு ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. அதற்கப்புறம் நாலு மணி நேரக் கொதி. 52 லிட்டர் 38 ஆனது. காற்று அடித்த அடியில் அடுப்பின் நெருப்பு படுத்தே எரிந்தது, சிலிண்டர் மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி. குண்டன் பழைய கதவு ஒன்றைத் தூக்கி வந்து காற்றுக்கு அணைகட்டினான். இரண்டு மணி நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், இன்றுவரை "பீர் நான் காய்ச்சியது" என்கிறான். தண்ணீர்க் குழாய் உறைந்து குச்சியாகிவிட்டது. கையுறை ஒன்று கொதிக்குள் விழுந்தது. யாருடையது என்று நீயே கண்டுபிடி.

அடுப்பை அணைத்தபோது இரவு பத்து. வெளியே மைனஸ் மூன்று. வெயில் காலத்தில் இதைச் செய்தால் ஆறுவதற்குள் வேண்டாத பாக்டீரியா எல்லாம் குடியேறிவிடும். அதனால்தான் அவர்கள் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்சுவது. மெல்லிய துணியை மேலே கட்டிவிட்டு மூவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். உள்ளே போய்த் தூங்கியிருக்கலாம், யாரும் எழுந்திருக்கவில்லை. ஆவி துணியின் ஓரத்தில் போய்ப் பட்டு, விடியும்போது சின்னச் சின்னப் பனிக்கம்பிகளாக நின்றது. அண்டாவைத் தொட்டால் ஒரு பக்கம் இளஞ்சூடு, காற்றடித்த பக்கம் சில்லென்று. காலையில் 18 டிகிரி.

இரண்டு மணி வாக்கில் வாத்தியார் கேட்டார்: "இது எப்போ குடிக்கிற பதத்துக்கு வரும்?" நல்லபடியாக வர ஒரு வருஷம், ஒன்று, இரண்டு, மூன்று வருஷத்தது மூன்றையும் கலந்தால்தான் அசல் கூஸ் என்கிற கலவை பீர் என்று அளந்துகொண்டே போனேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டு, "ஒரு வருஷத்ததே போதும்பா" என்றார். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் செய்தது உனக்குத் தெரியும். குண்டன்கூட அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். ஜாடிக்கு மாற்றிய முதல் மாதம் சாக்கடை நாற்றம். குடல்வாசி பாக்டீரியா ஆடுகிற ஆட்டம், அப்போது ஒரு சொட்டுகூட வாயில் வைக்கக்கூடாது. அப்புறம் அடங்கியது. பிப்ரவரியில் நன்றாகப் புளித்தது. மேலே வெள்ளையாகச் சுருக்கம் விழுந்த ஆடை கட்டியது, அழகாக இருந்தது. போன வாரம் ருசி பார்க்கக் கொஞ்சம் எடுத்தேன், மூர்த்தி, விளக்கெண்ணெய் மாதிரி கோடாக இறங்கியது! கண்ணாடிக் குவளையைச் சாய்த்தால் மெதுவாக, கொழகொழவென்று. புளிப்பின் அளவான பிஎச் பார்த்தேன், 3.5. விஷமில்லை. ஆனால் வாயில் வைக்க முடியவில்லை.

இது பீடியோகாக்கஸ் என்கிற பாக்டீரியாவின் வேலை என்று எனக்குத் தெரியும். பீருக்கு 'உடம்பு சரியில்லை' என்பார்கள். பொறுமையாக விட்டால், 1904-ல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் கிளாவுஸன் ஆங்கிலேய பீரிலிருந்து பிரித்துப் பேர் வைத்தாரே பிரெட்டனோமைசிஸ், அந்த ஈஸ்ட் வந்து கொழகொழப்பையெல்லாம் தின்று தெளியவைத்துவிடும். எல்லாம் தெரியும். தெரிந்தும் ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். எங்கள் பிரெட் வந்து சேர்ந்ததா என்றே எப்படித் தெரியும்? காற்றுக்குச் சீட்டா கொடுத்தனுப்பினோம்?

குண்டன் கொட்டிவிடச் சொல்கிறான். வாத்தியார் ஞாயிறுதோறும் வந்து ஜாடியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நேற்று அதன் மேல் ஒரு பட்டையை ஒட்டி, தன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருக்கிறார்: 'டிசம்பர் வரை தொடாதே'. கீழே குண்டனின் பெயர்.

அதனால் கொட்டவில்லை. உன் அண்டாவின் அடியில் சின்ன நெளிவு, அதைப் பற்றி நேரில். நீ டிசம்பரில் வர வேண்டும். வருகிறாயா இல்லையா என்று இரண்டே வரி எழுது, போதும். இன்னொன்று: இன்றைக்கே புது ஹாப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கிக் காகிதப் பையில் போட்டு, வாயைக் கட்டாமல் எங்கேயாவது மறந்துவிடு. அடுத்ததற்கு வேண்டும்.

உன்,
கையுறை இழந்தவன்