ஓட்டில்லாதவன் பார்த்த கூட்டம்

பிரெடரிக்ஸ்பர்க், வர்ஜீனியா
28 செப்டம்பர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவளிடம் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வாள். நீங்களே எழுதுங்கள்.

நேற்று சனிக்கிழமை போன் செய்யாததற்குக் காரணம் அதிபர் தேர்தலில் நிற்கும் ஒபாமா. பிரசாரக் கூட்டத்துக்காக எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். மழையில் நின்றுவிட்டு வந்து ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்தேன். இன்னும் காயவில்லை.

வாடகை குறைவு என்பதற்காக வாஷிங்டனுக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, ரயிலில் போய்வரும்படி குடியிருக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். ஊர் சின்னதுதான், ஆனால் எங்கே திரும்பினாலும் சரித்திரம். ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக வளர்ந்த பண்ணை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. அவர் தன் தாய்க்கு வாங்கிக் கொடுத்த வீடு இக்கரையில். கூட்டம் நடந்த பல்கலைக்கழகத்துக்கும் அந்த அம்மாளின் பெயர்தான், மேரி வாஷிங்டன். அது இருக்கும் மேட்டில்தான் 1862 டிசம்பரில் உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்தது. கல்சுவருக்குப் பின்னால் இருந்துகொண்டு தெற்குப் படை சுட, மேடேறி வந்த வடக்குப் படை சரிந்தது. அந்தச் சண்டை முழுவதிலும் வடக்குப் படையில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், காயம்பட்டார்கள், காணாமல் போனார்கள். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் 15,000க்கும் அதிகமான வீரர்கள் கிடக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் யார் என்றே தெரியாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. வில்லியம் தெருவும் சார்லஸ் தெருவும் சேரும் மூலையில், நடைபாதை ஓரமாக ஒரு குட்டைக் கல் நிற்கிறது. அடிமைகளை ஏலம் விட்ட இடம். நான் காபி வாங்கப் போகும் வழிதான். நேற்று அதைத் தாண்டிப் போகும்போது ஒபாமா படம் போட்ட பனியனோடு ஏழெட்டுப் பிள்ளைகள், கறுப்பர் வெள்ளையர் எல்லாம் கலந்து, சத்தம் போட்டுச் சிரித்தபடி கல்லைக் கடந்து போனார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அலட்சியமா, அவசரமா, தெரியவில்லை. எனக்கு மட்டும் இரண்டு நிமிடம் நிற்கத் தோன்றியது.

வாசலில் வரிசை நீண்டு தெருவுக்கு வந்துவிட்டது. அதில் அட்டையும் பேனாவுமாக மாணவர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். "வாக்காளராகப் பதிவு செய்துவிட்டீர்களா?" அரை மணி நேரத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு நம் தங்கச்சி வயதுதான். நான் குடிமகன் இல்லை, வேலை விசாவில் இருக்கிறேன் என்றேன். அவள் சளைக்கவில்லை. "உங்கள் அலுவலகத்தில் குடிமக்கள் இருப்பார்கள் இல்லையா?" என்று நான்கு படிவத்தைக் கையில் திணித்துவிட்டாள். அக்டோபர் 6 கடைசி நாளாம். அவளுக்கே அடுத்த மாதம்தான் 18 ஆகிறது. தேர்தல் நாளான நவம்பர் 4க்குள் 18 நிரம்பிவிட்டால் இப்போதே பெயர் சேர்க்கலாம். நம் ஊர்போல ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருக்க வேண்டும் என்ற கணக்கு இங்கே கிடையாது. உங்களுக்கு இது பிடிக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

உள்ளே புல்வெளியில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் கலையவில்லை. ஒபாமாவும் துணை அதிபர் வேட்பாளர் பைடனும் சேர்ந்து வந்தார்கள். முந்தைய இரவுதான் மிசிசிப்பியில் எதிர் வேட்பாளர் மெக்கெய்னோடு ஒபாமாவின் முதல் விவாதம் முடிந்திருந்தது. ஒபாமா சட்டை உடம்போடு ஒட்டும்படி நனைந்துகொண்டே பேசினார். வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் கொடுப்பதா என்ற பேச்சு வந்தபோது என் பக்கத்தில் இருந்த பையன்கள் செல்போனில் படம் எடுப்பதில்தான் குறியாக இருந்தார்கள். எல்லோரும் கொள்கை கேட்க வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் திருவிழா பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் திருவிழாவுக்கு வந்தவனும் போகும்போது படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் வந்தார் என்று கேட்பீர்கள். இங்கே அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வாளர்கள்தான். வர்ஜீனியாவுக்கு 13 தேர்வாளர் ஓட்டு. மாநிலத்தில் யார் முந்துகிறாரோ அவருக்கே அத்தனையும். மொத்தம் 538, ஜெயிக்க 270 வேண்டும். 1964இல் அதிபர் ஜான்சனுக்குப் பிறகு ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு இந்த மாநிலம் கிடைத்ததே இல்லை. இந்த முறை கிடைக்கலாம் என்கிறார்கள், அதனால்தான் இந்த ஓட்டம். இன்னொன்று, இங்கே தேர்தல் செவ்வாய்க்கிழமை, அதற்கு லீவும் கிடையாது. வேலைக்கு முன்னாலோ பின்னாலோ வரிசையில் நிற்க வேண்டும்.

அப்பா, ஒன்று சொல்ல வேண்டும். 2004 தேர்தலில் நீங்கள் வாக்குச்சாவடியில் தலைமை அலுவலராக இருந்து, மெஷினை ஒப்படைத்துவிட்டு நடுராத்திரி தாண்டித்தான் வீட்டுக்கு வந்தீர்கள். நான் அன்று சென்னையில் அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். நான் பஸ் நிலையத்துக்கே போகவில்லை. 2006லும் அப்படித்தான். இப்போது இங்கே எனக்கு ஓட்டு இல்லை, அங்கே வெளிநாட்டில் இருக்கிறவன் என்று பெயரை எடுத்துவிடுவார்கள். நேற்று அந்தப் பெண் கேட்டபோது விசாவைக் காரணம் சொல்லித் தப்பித்தேனே தவிர, முகம் சுருங்கித்தான் போனது.

தங்கச்சிக்கு நவம்பரில் 18 முடிகிறது. அடுத்த வருடம் பாராளுமன்றத் தேர்தல். பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ நீங்களே வாங்கி வந்து நிரப்பிவிடாதீர்கள். அவளையே தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புங்கள். போட்டோ நன்றாக எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அட்டையைக் காலம் முழுக்க யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைப்பாள்.

அந்த நான்கு படிவத்தில் மூன்றுக்கு அலுவலகத்தில் ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை ரயிலில் நான்காவது ஆளைத் தேட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்