‘ஏறத் தவறியவர்கள்’ என்ற சொல் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்குகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மேலே என்.எச்.எல்., அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். என்று படிப்படியாக விளக்கியது நல்லது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் என்.எச்.எல். இல் ஆடும் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸைத் தாண்டி எதையும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஈ.சி.எச்.எல். ஐ ‘ஏறத் தவறியவர்களின் தங்குமடம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த லீக்கில் ஒரு முழுப் பருவத்தைக் கால் விறைக்க உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

2018 இல் வேலைக்காக, கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் சென்ட் ஜோன்ஸ் நகருக்குப் போனேன். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அந்த ஆண்டு ஒக்ரோபரில்தான் ஈ.சி.எச்.எல். இல் நியூஃபவுண்ட்லாந்து க்ரோலர்ஸ் அணி தன் முதல் பருவத்தைத் தொடங்கியது. க்ரோலர் என்றால் பனிமலையிலிருந்து உடைந்து மிதக்கும் சின்னத் துண்டு. கண்ணில் இலேசில் படாது என்பதால் கப்பல்காரருக்கு அதில் பெரிய பயம். அணியின் சின்னத்தில் இருந்ததோ அந்தத் தீவின் பெயர் கொண்ட பெரிய கறுப்பு நாய். மிதக்கும் துண்டா, உறுமும் நாயா என்று நான் கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

எனக்கு ஹொக்கியைப் பழக்கியவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், எழுபது தாண்டிய மனிதர். நான் தமிழன் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “அந்த லைஃப்போட் ஆட்களா?” என்றுதான். 1986 ஓகஸ்ற்றில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்தக் கரையோரத்து மீன்பிடிகாரர்தானே காப்பாற்றினார்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை, பின்னால் விமானத்தில் வந்தவன் என்றேன். கொஞ்சம் ஏமாந்தவர்போல இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, கையில் மிச்சமிருந்த ரிக்கற் ஒன்றைத் தந்து என்னை அரங்குக்குக் கூட்டிப்போனார்.

அப்போது மைல் வன் என்ற பெயரில் இருந்த அந்த அரங்கில் ஆறாயிரம் பேருக்குக் கொஞ்சம் கூட உட்காரலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இடம். ஒருவனை இன்னொருவன் தடுப்போடு சேர்த்து இடிக்கும்போது வரும் சத்தத்தை ரிவியில் கேட்கவே முடியாது. மரக்கதவை ஆள் விழுந்து உடைப்பதுபோல இருக்கும். பக் என்கிற அந்த இறப்பர் வட்டை ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள், துள்ளாமல் சறுக்க வேண்டும் என்று. ஒன்று தடுப்புக்கு மேலால் பறந்து வந்து எங்கள் பக்கத்தில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், எங்கள் ஃப்ரீசரில் இருந்து எடுத்த இறைச்சித் துண்டைப்போலச் சில்லென்றது.

அணி இருந்தது ஒரு தீவில் என்பதைக் கட்டுரையாளர் யோசிக்கவில்லை. இந்த லீக்கின் மற்ற அணிகள் பெரும்பாலும் இரவிரவாக பஸ்ஸில் போய் வருபவை. சென்ட் ஜோன்ஸிலிருந்து, பெருநிலத்துக்குக் கப்பல் ஏறும் துறைக்கே ஏறக்குறைய 900 கிலோமீற்றர். அதன் பிறகு ஆறேழு மணி நேரம் கடல். ஆகவே க்ரோலர்ஸ் எங்கே போவதானாலும் விமானம்தான். வரும் அணிகளுக்கும் அதே செலவு. அதனால் வந்த அணியோடு அடுத்தடுத்த நாட்களில் இரண்டு, மூன்று ஆட்டங்களை ஆடி முடித்துவிடுவார்கள். முதல் இரவு யார் யாரை முழங்கையால் இடித்தான் என்பது மூன்றாவது இரவு கணக்குத் தீர்க்கப்படும். சனங்கள் அதற்காகவே வருவார்கள், மறைப்பானேன். (நேரமும் அங்கே ரொறன்ரோவைவிட ஒன்றரை மணி முன்னால். அந்த அரை மணிக் கணக்கு ஊர் மணிக்கூட்டில் வளர்ந்த எனக்கு மட்டும் பழக்கமாக இருந்தது.)

72 ஆட்டப் பருவம். முதல் பயிற்றுநர் ரையன் க்ளௌ, அந்தத் தீவிலேயே பிறந்து என்.எச்.எல். வரை போனவர். தலையில் வாங்கிய அடிகளால் ஆட்டத்தை விட்டவர். ஜனவரியில் உடல்நலக் காரணத்தால் பயிற்றுநர் பொறுப்பையும் விட வேண்டி வந்தது. உதவியாக இருந்த ஜோன் ஸ்நோடன் பொறுப்பேற்றார். இதற்கிடையில் மேலே ஏ.எச்.எல். இல் ஆடும் ரொறன்ரோ மார்லிஸ் அணியில் யாருக்கும் காயம் என்றால் இங்கிருந்து ஒருவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். சனிக்கிழமை கோல் அடித்தவன் ஞாயிறு இருக்கமாட்டான். அப்படி வரிசை கலைந்துகொண்டே இருக்கும் அணியை வெல்ல வைப்பது, ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் சமையலறையில் முந்நூறு சாப்பாடு நேரத்துக்கு இறக்குவது மாதிரி. அந்தத் தொழில் எனக்குத் தெரியும்.

சாக் ஓ'பிரையன் சென்ட் ஜோன்ஸ் பொடியன். உடம்பும் பெரிதில்லை. என்.எச்.எல். இல் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. கட்டுரையாளரின் அளவுகோலில் ‘ஏறத் தவறியவர்’. பிளேஓஃப் என்ற பருவ முடிவுத் தோற்றோர் விலகும் சுற்றுகளில் பிராம்டன், மான்செஸ்ரர், புளோரிடா என்று ஒவ்வொன்றாய்த் தள்ளி, 2019 ஜூன் 4 இரவு ஒஹாயோவின் ரொலீடோ அணியை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 4-3 என்று முடித்தபோது, தொடரின் சிறந்த வீரர் அவர்தான். கிண்ணத்தை முதலில் தூக்கிய தலைவர் ஜேம்ஸ் மெலிண்டியும் உள்ளூர்க்காரர். சென்ட் ஜோன்ஸின் ஏ.எச்.எல். அணிகள் 1992 இலும் 2014 இலும் இறுதிவரை போய்த் தோற்றிருந்தன. என்னை அழைத்துப்போனவர் இரண்டு தோல்வியையும் பார்த்தவர். அன்றைக்கு அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த என் முழங்காலை இரண்டு தரம் தட்டினார்.

அவர்கள் தூக்கிய கெல்லிக் கிண்ணமும், அதாவது ஈ.சி.எச்.எல். சம்பியனுக்கான கிண்ணமும், புதிது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டும் வென்ற கொலராடோ ஈகிள்ஸ் மேல் லீக்கான ஏ.எச்.எல். க்கு மாறிப்போனது, பழைய கிண்ணம் திரும்பி வந்து சேரவில்லை. லீக் இன்னொன்று செய்துதான் கொடுத்தது. இப்படியொரு கூத்து என்.எச்.எல். இல் நடக்குமா?

கட்டுரையாளர் கவலைப்பட்டிருக்க வேண்டிய இடம் வேறு. அந்தப் பிளேஓஃபில் க்ரோலர்ஸிடம் தோற்ற மான்செஸ்ரர் மொனார்க்ஸ் அந்தப் பருவத்தோடு மூடப்பட்டது. பிராம்டன் பீஸ்ற், எங்கள் ஆட்கள் இத்தனை பேர் வாழும் நகரத்தின் அணி, கொரோனாக் காலத்தில், 2021 பெப்ரவரியில் போய்விட்டது. உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. க்ரோலர்ஸையும் 2024 ஏப்ரலில், பருவம் முடிய முன்பே, கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று லீக் நீக்கிவிட்டது. வீரன் மேலே ஏறினானா இல்லையா என்பதைவிட, காலடியில் படியே இருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஏறியவர்களும் உண்டு. அந்த 2019 அணியில் கிறிஸ்தியான்ஸ் ரூபின்ஸ் என்ற லாத்வியா நாட்டு நெட்டைப் பொடியன் தற்காப்பு வீரனாக ஆடினான். 2021 இல் மேப்பிள் லீஃப்ஸ் உடையில் களமிறங்கினான். 2023 உலகச் சம்பியன் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தைச் சமப்படுத்திய கோலும், மேலதிக நேரத்தில் வென்ற கோலும் அவனுடையவை. லாத்வியப் பாராளுமன்றம் நள்ளிரவில் கூடி அடுத்த நாளை விடுமுறை ஆக்கியது. தங்குமடத்தில் ஒருகாலத்தில் படுத்திருந்தவன்தான்.

வரும் பருவத்திலாவது கீழ் லீக் முடிவுகளுக்கு விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கித் தாருங்கள். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். மேப்பிள் லீஃப்ஸ் என்.எச்.எல். இன் ஸ்ரான்லிக் கிண்ணம் வென்றது கடைசியாக 1967 இல். அவர்கள் தோற்ற கதையை ஒவ்வொரு வசந்தமும் அரைப் பக்கத்துக்குப் போடுகிறீர்கள். கால் பக்கமாக்கினால் போதும்.

இப்படிக்கு,
பழைய வாசகன் ஒருவன்,
ஸ்காபரோ.