பேத்தியின் காய்ச்சல் குறித்து

மோல்மேன், பர்மா,
மார்கழி 5

அன்புள்ள மகளுக்கு,

தீபாவளிக்குப் பிறகு மூன்றாம் முறையாகக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து எனக்கு வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு ஆண்டில் 6 முதல் 8 தடவை சளிக்காய்ச்சல் வருவது வழக்கந்தான். இடைப்பட்ட நாட்களில் ஓடியாடி, எடையும் கூடிவந்தால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இவளுக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை என்கிறீர்கள். பெண் குழந்தையாதலால் சிறுநீர்ப் பாதையில் கிருமி இருக்கிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்.

அதைவிட என்னை உறுத்துவது, தீபாவளிக்குத் தவாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நீங்கள் பத்து நாள் தங்கியது; இது மலேரியாவோ என்று அஞ்சுகிறேன். உன் அண்ணனுக்கு ஐந்து வயதில் இப்படித்தான் குளிர் நடுக்கமும் வியர்வையுமாக வந்த காய்ச்சல், கடையில் நாலைந்து மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டித் தந்த பொட்டலத்தால் தணிந்ததுபோல் தணிந்து, மாதங்கழித்து மறுபடியும் வந்தது. இரத்தம் எடுத்துப் பார்க்காமல் இரண்டு முறை நான் நாள் கடத்தியது இன்றும் என்னை வருத்துகிறது. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கிளம்பும். காய்ச்சல் இருக்கும்போதே இன்றைக்கே மலேரியாச் சோதனைக்கு இரத்தம் கொடுங்கள். ஒருமுறை இல்லையென்று வந்தாலும், காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும். கல்லீரலில் தங்கியதை அழிக்கும் பிரிமாக்குவின் மருந்தைத் தொடங்குமுன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல், அது குறைவாக இருந்தால் அந்த மருந்தால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும்.

அதுவரை பாரசிட்டமால் மட்டும் போதும்: எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது. டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுப்ரோபனும் வேண்டாம். கஞ்சித் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடு. கம்பளியால் மூடாதே.

ஒரு நோட்டில் தேதி, நேரம், வெப்பமானி காட்டும் அளவு, வாய்ப்புண், தடிப்பு எல்லாவற்றையும் எழுதி வை. 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, வாய்ப்புண்ணும் தொண்டை வலியுமாக, நாள் குறித்தாற்போல் வரும் காய்ச்சலும் உண்டு. அதை மருத்துவர் இனங்காண அந்த நோட்டு உதவும்.

வலிப்பு, மூச்சிரைப்பு, விடாத வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, சிறுநீர் குறைதல், காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி ஆகியவற்றில் எது கண்டாலும் விடியும்வரை காத்திராதே.

சனிக்கிழமை இரவுப் பேருந்தில் ரங்கூனுக்குப் புறப்படுகிறேன். இரத்தச் சோதனை முடிவு அதற்குமுன் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா