நீதிமன்றம் இல்லை, ஆட்சியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தத்தெடுப்புச் சட்டம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'காத்திருக்கப் பொறுமை இல்லாத தம்பதிகளே குழந்தையை விலைக்கு வாங்குகிறார்கள்' என்று ஒரு வரி. எழுதியவர் எத்தனை நாள் காத்திருந்து பார்த்தாரோ! நானும் கணவரும் 2019இல் மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவில் (CARA) பதிந்தோம். மகள் கைக்கு வந்தது 2023இல்.

சட்டம் கடுமையாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டாய்வுக்கு வந்த பெண் சம்பளச் சீட்டிலிருந்து கழிவறை வரை பார்த்தார், மாமியாரிடம் தனியாகப் பேசினார். பார்க்கட்டும், பிள்ளையை ஒப்படைக்கிறவர்கள் பார்க்கத்தான் வேண்டும். குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்தில் பதில் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். கடிகாரம் எங்களுக்கு மட்டும்தான் ஓடும் என்பது அப்புறம்தான் புரிந்தது. தத்து உத்தரவை ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. கேட்கப் போனால் 'தேர்தல் வேலை'. எங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழுக்கு மேலும் ஐந்து மாதம். போகும்போதெல்லாம் புதிதாக ஒரு எழுத்தர், முதலிலிருந்து முழுக்கதை. "இன்னும் வயசு இருக்கேம்மா, சொந்தமா ஒண்ணு பெத்துக்கலாமே" என்ற இலவச ஆலோசனை வேறு.

2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தை விற்றுப் பிடிபட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தப் பேர ஒலிப்பதிவில் குழந்தையோடு பிறப்புச் சான்றிதழுக்கும் ஒரு விலை சொன்னார். வரிசையில் நின்ற நாங்கள்தான் அந்தக் காகிதத்துக்காகப் படியேறி இறங்கினோம். பொறுமையைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பதானால், சரி, எடுங்கள்.

முன்பொரு முறையும் உங்கள் இதழில் 'அநாதைக்கு வாழ்வளித்த தம்பதி' என்று ஒரு படத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். அப்போதே எழுத நினைத்து விட்டுவிட்டேன். நாங்கள் யாருக்கும் வாழ்வளிக்கவில்லை ஐயா, பிள்ளை வளர்க்கிறோம்.

கேட்பது ஒன்றுதான். தத்து உத்தரவுக்கு நீதிமன்றம் போக வேண்டும் என்று கட்டுரையில் இருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்குப் போய்விட்டது. உங்களை நம்பி எங்கள் தெருத் தம்பதி ஒருவர் வக்கீலுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். மகளின் பள்ளியில் உங்கள் இதழ் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி