பாஸிங் ஆட்டத்தின் கதையில் விடுபட்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பார்சிலோனாவின் பாஸிங் ஆட்டம் பற்றி வந்த கட்டுரை எனக்குப் பிடித்தது. ஆனால் பின்னால் பார்சிலோனாவின் அந்த ஆட்டத்தை வடிவமைத்த டச்சுக்காரர் யோஹான் க்ராய்ஃபை 1964இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பின் முதல் அணியில் இறக்கிவிட்ட ஆங்கிலேயப் பயிற்சியாளர் விக் பக்கிங்ஹாமை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். பின்னால் பார்சிலோனாவுக்கே பயிற்சியாளராகப் போனவர் அவர். அவர் யாரிடம் ஆட்டம் கற்றார் என்று கேட்டிருந்தால் பீட்டர் மெக்வில்லியம் என்ற பெயர் வந்திருக்கும்.

1879இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மெக்வில்லியம், 1902இல் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்புக்கு வந்து லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவரிசையின் இடப்பக்க இடத்தில் ஆடியவர். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடாமல், தரையிலேயே சின்னச் சின்னப் பாஸாக நகர்த்துகிற ஸ்காட்லாந்து பாணிதான் அந்த அணியின் பலம். 1905, 1907, 1909 என்று மூன்று முறை லீக் பட்டம், 1910இல் இங்கிலாந்து கிளப்புகளுக்கான நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை. மறு வருடமே வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு ஆடும்போது பட்ட காயத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது.

அப்புறம் லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு மேலாளர். முதல் உலகப் போருக்குப் பிறகு லீக்கை விரிவாக்கியபோது முதல் டிவிஷனில் டாட்டன்ஹாமுக்கு இடம் தராமல், இரண்டாம் டிவிஷனில் இருந்த ஆர்சனலை மேலே ஏற்றினார்கள். இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிற முடிவு அது. மெக்வில்லியமின் அணி அடுத்த சீசனிலேயே 102 கோல் அடித்து இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது, 1921இல் கொட்டுகிற மழையில் வுல்வ்ஸ் அணியை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது. ஆட்டக்காரராக வென்ற கோப்பையை மேலாளராகவும் வென்றார்.

1927இல் மிடில்ஸ்பரோ கிளப் பெரிய சம்பளம் தருவதாகக் கூப்பிட்டது, டாட்டன்ஹாம் கூட்டித் தர மறுத்தது, அவர் போய்விட்டார். அடுத்த சீசன் முடிவில், 1928இல், இரண்டு அணிகளுமே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கின. அவரை விட்டது டாட்டன்ஹாம் நிர்வாகத்தின் பெரிய தவறு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்க நார்த்ஃப்ளீட் என்ற சிறிய கிளப்பைத் துணையாகச் சேர்த்துக்கொண்டதெல்லாம் அவர் காலத்தில் நடந்தது.

1938இல் மறுபடி டாட்டன்ஹாமுக்கு வந்தார். பக்கிங்ஹாமும் பில் நிக்கல்சனும் அவருக்குக் கீழே ஆடியது அப்போதுதான். பள்ளிக்கூடப் பையனாக அவரது முதல் காலத்திலேயே கிளப்புக்குள் வந்த ஆர்தர் ரோ, பின்னால் மேலாளராகி, பந்தைத் தள்ளிவிட்டு உடனே காலி இடத்துக்கு ஓடுகிற 'புஷ் அண்ட் ரன்' ஆட்டத்தால் 1951இல் டாட்டன்ஹாமுக்கு முதல் லீக் பட்டம் வாங்கித் தந்தார். நிக்கல்சன் டாட்டன்ஹாம் மேலாளராக 1961இல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் வென்றார்.

எல்லாமே மெக்வில்லியம் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. அயாக்ஸுக்கு ஜாக் ரெனால்ட்ஸ், ரினஸ் மிக்கேல்ஸ் போன்ற பயிற்சியாளர்கள் என்று வேறு வேர்களும் உண்டு. ஆனால் பக்கிங்ஹாம், ரோ, நிக்கல்சன் என்ற மூன்று பெரிய பயிற்சியாளர்கள் ஒரே மனிதரின் கையில் வளர்ந்திருக்கும்போது அவர் பெயரே இல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது சரியில்லை. அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், பாதிப் பக்கம் என்றாலும் போதும்.

அன்புடன்,
ஒரு கால்பந்து வாசகர்