நர்ஸக்காவுக்கும், கூடவே நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், நண்பர்களுக்கும், முகம் தெரியாமலே உதவியவர்களுக்கும்,

அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஆக்சிஜன் வைக்காமலே, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 97 சதவீதம் என்று காட்டுகிறது. நேற்று அவராகவே ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்த 2021 மே மாதத்துக் கொரோனா அலை எந்த வீட்டைத்தான் விட்டுவைத்தது? அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை.

படுக்கை எங்கே காலியாக இருக்கிறது என்று விடிய விடிய போன் போட்ட நண்பர்கள், 108 வண்டியில் வந்த தம்பிகள், வார்டைக் கூட்டித் துடைத்தபடியே அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிய பெண்கள், எங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார், கஞ்சித் தூக்கை வாசலில் வைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுத்துப் போனவர்கள் என எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி ஊரே கேட்கும்படி சொல்லியாக வேண்டும். நம் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர், நம் எல்லோருக்கும் நர்ஸக்கா.

அம்மா வீட்டுத் தனிமையில் இருந்தபோது தினமும் வருவார். வேலிக்கு வெளியே நின்று காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா தெம்பாகப் பேசினார். எங்களுக்கும் மனசு லேசாகியிருந்தது. ஆனால் நர்ஸக்கா நகரவில்லை. “ஆக்ஸிமீட்டரை மருதாணி இல்லாத விரல்ல வைங்கம்மா. கையை நல்லா தேய்ச்சுச் சூடாக்கிட்டு வைங்க” என்றார். 95. “சரி, ஆறு நிமிஷம் முற்றத்துல நடங்க.”

தனியாக நடக்க அம்மா கூச்சப்பட்டார். உடனே நர்ஸக்காவும் வேலிக்கு வெளியே கூடவே நடக்க ஆரம்பித்தார். உச்சி வெயில். கவச உடைக்குள் வியர்த்து, கையுறை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் வாட்ச்சில். வாயோ மல்லிகைப்பூ விலையைப் பேசிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தால் 90.

“எனக்கு மூச்சே வாங்கலையே” என்றார் அம்மா.

“அதுதான்மா இதுல மோசம். நுரையீரல்ல இருக்கற காத்துப்பையெல்லாம் புண்ணானா ஆக்சிஜன் ரத்தத்துல சரியா ஏறாது. கரியமில வாயு மட்டும் வெளிய போயிட்டே இருக்கும். மூச்சு முட்டுற மாதிரி நமக்குத் தெரியறது பெரும்பாலும் அது தேங்கும்போதுதான். அது தேங்காததால உடம்பு உங்ககிட்ட சொல்லலை. ஒரு வாரம் கழிச்சு சிலருக்கு இப்படி இறங்கும். வைரஸை அடிக்கக் கிளம்புற நம்ம எதிர்ப்புச் சக்தியே நுரையீரலையும் சேர்த்து அடிச்சிடும்” என்றார். ஆம்புலன்ஸுக்கும் அவரே போன் செய்தார். அது வரும்வரை அம்மாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார். அவர் போக வேண்டிய வீடுகள் அன்று இன்னும் எத்தனையோ இருந்தன. இன்னும் ஒரு நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வார்டு டாக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா உள்ளே இருந்த நாட்களில் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒன்று புரியப் புரியப் பயம் கொஞ்சம் வழிவிட்டது. மனிதரைத் தொற்றும் கொரோனா வைரஸ்கள் ஏழு. அதில் நான்கு, காலம் காலமாக நமக்குச் சளி பிடிக்கவைப்பவை. 2002இல் சீனாவின் குவாங்டாங்கில் சார்ஸ் என்ற கடுமையான நுரையீரல் நோயைத் தரும் வைரஸ் வந்தது. 2012இல் சவுதி அரேபியாவில் அதே போன்ற மெர்ஸ் தெரியவந்தது, அது ஒட்டகத்திடமிருந்து தொற்றுவது. ஏழாவதுதான் இது. சார்ஸ் பரவத் தொடங்கியபோது வியட்நாமின் ஹனோயில் இருந்து உலகை எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி, 2003 மார்ச்சில் அதே நோயால் இறந்துபோனார். அதைப் படித்த இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்குப் போட்ட டெக்சாமெத்தசோன் மலிவான பழைய மருந்து. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரை அது காக்கும், மற்றவர்களுக்குப் பயனில்லை என்று 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. தங்களுக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்றே தெரியாமல், படுக்கையில் கிடந்தபடி அதில் சேரச் சம்மதித்த ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கும் என் நன்றி. அவர்களில் எத்தனையோ பேர் பிழைக்கவில்லை.

நர்ஸக்கா வந்தால் சிலர் கதவைச் சாத்துவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், நிழலில் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.

கொரோனா தடுப்பூசி போடப் பயப்படுகிறவர்கள் வீட்டுக்கு இனி அவரோடு நானும் வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அவரிடமே கேட்டுக்கொள்வோம். குணமாகி மூன்று மாதம் கழித்து அம்மாவும் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டு ஆக்ஸிமீட்டர் இப்போது சும்மாதான் இருக்கிறது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், நடு ராத்திரியானாலும் கூப்பிடுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.